அடிக்கடி வேலை விஷயமாகப் பறக்கும் அக்காவுக்கு என்ன வாங்கலாம்? (குன்னூர், பொங்கலுக்குள்)

குன்னூர்த்தம்பி
16.11.2025, இரவு 9.40

அக்கா ஆடிட் வேலையில இருக்காங்க. மாசத்துல பாதி நாள் வெளியூர். மும்பை, டில்லி அடிக்கடி. சிங்கப்பூர், ஷார்ஜா அப்பப்போ. வருசத்துக்கு ஒரு தடவை ஜெர்மனி. கிளம்புறது எல்லாம் கோவை பீளமேடு ஏர்போர்ட்ல இருந்துதான். பட்ஜெட் நாலாயிரம். யோசிச்சு வச்சிருக்கறது ரெண்டு: கழுத்துத் தலையணை, இல்லைன்னா நம்ம ஊர் டீ, தைலம், சாக்லேட் எல்லாம் அடுக்கின மரப்பெட்டி. எதை வாங்கலாம்?

லவ்டேல்வாசி
16.11.2025, இரவு 10.25

ரெண்டுமே வேண்டாம்.

உள்நாட்டு விமானத்தில் கைப்பெட்டிக்கு 7 கிலோ. அளவு 55 × 35 × 25 செ.மீ., மூன்றையும் கூட்டினால் 115. சக்கரம் வைத்த பெட்டி காலியாகவே இரண்டரைக் கிலோ இருக்கும். மிச்சம் நாலரைக் கிலோவுக்குள்தான் துணி, செருப்பு, சோப்பு, மருந்து, சார்ஜர். மாதத்தில் பாதி நாள் பறக்கிறவர் அந்த நாலரைக் கிலோவை எப்போதோ கணக்குப் பண்ணி முடித்திருப்பார். நீங்கள் புதிதாக ஒன்றைக் கொடுத்தால், அதை வைக்க அவர் எதை வெளியே எடுப்பார்? அதற்குப் பதில் தெரிந்தால் வாங்குங்கள். தெரியாவிட்டால் அது ஷோகேஸுக்குப் போகும்.

தலையணையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி ஃபோம் என்றால் 300 கிராம் சொச்சம், கூடவே ஒரு நாள் துணி பிடிக்கிற இடம். கோவை–மும்பை சுமார் இரண்டு மணி நேரம். ஏறி, பெல்ட் போட்டு, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஜெர்மனிப் பயணத்துக்கு மட்டும் உதவும் என்றால், ஊதிக்கொள்கிற வகையே போதும். பாதி எடைகூட வராது, தட்டையாக மடிந்துவிடும்.

மரப்பெட்டி இன்னும் மோசம். காலியாகவே ஒரு கிலோ வரும். அதைவிடப் பெரிய குற்றம் டீயையும் தைலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது. தேயிலை அருகில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். நீலகிரித் தைலப் புட்டி மூடியே இருந்தாலும் சில நாளில் பெட்டி முழுக்க ஏறிவிடும். அப்புறம் டீ குடிப்பது ஆவி பிடிக்கிற மாதிரி இருக்கும். கடைகளில் இப்படித்தான் அழகாக ரிப்பன் கட்டி விற்கிறார்கள்.

லவ்டேல்வாசி
16.11.2025, இரவு 10.50

தைலத்தைப் பற்றித் தனியாக. அது தீப்பிடிக்கிற எண்ணெய். மருந்து, ஒப்பனைப் பொருள் என்ற கணக்கில் ஒரு புட்டி அரை லிட்டருக்குள், எல்லாம் சேர்த்து 2 லிட்டருக்குள் என்பது பொது விதி. அதற்காக அரை லிட்டர் தைலத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கவுன்டரில் விவாதம்தான் நடக்கும். 10, 20 மில்லி கண்ணாடிப் புட்டி போதும். பிளாஸ்டிக் புட்டியில் மாற்றி ஊற்றாதீர்கள். யூகலிப்டஸ் எண்ணெய் பல பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். மூடி பிசுபிசுத்து, மரை பிடிக்காமல் போய், துணியெல்லாம் நனையும்.

அதற்குப் பதில் தேன்மெழுகில் குழைத்த தைல பாம் வாங்கலாம். கெட்டியாக இருப்பதால் ஒழுகும் பயம் இல்லை. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். எண்ணெய் கலந்த பாம் அதற்கு முன்பே இளகும் என்றாலும் கைப்பைக்குள் பத்திரமாகவே இருக்கும். கோத்தகிரியில் லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையில் தேன்மெழுகுப் பொருட்கள் கிடைக்கும்.

மலைப்பூண்டு
17.11.2025, காலை 7.05

கொடைக்கானல்ல இருந்து. சாக்லேட் பக்கம் போகவே வேண்டாம்ங்க. அசல் கோகோ வெண்ணெய் 33, 34 டிகிரிக்கு உருகிடும். மலை மேல கல்லு மாதிரி இருக்கறது மேட்டுப்பாளையம் தாண்டினதும் இளகும். ராத்திரி ரூம்ல ஏசி போட்டதும் மறுபடி இறுகி வெள்ளையா பூக்கும். சாப்பிடலாம், கெட்டுப் போகலை, ஆனா பாக்க பூஞ்சை பிடிச்ச மாதிரி இருக்கும், ஆபீஸ்ல யாருக்கும் நீட்ட முடியாது. உருகவே உருகாத ஹோம்மேட் சாக்லேட் யாராவது வித்தா அது காம்பவுண்ட், அதாவது வனஸ்பதி வகைக் கொழுப்பு. மெழுகு மாதிரி மேல் அண்ணத்துல ஒட்டும்.

பேசாம பஞ்சாமிர்தம் குடுங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019லயே புவிசார் குறியீடு வந்தாச்சு.

பீளமேடுடெஸ்க்
17.11.2025, காலை 8.30

பஞ்சாமிர்தம் கைப்பையில் போகாதுங்க. சிங்கப்பூர், ஷார்ஜா ரெண்டும் சர்வதேச விமானம். அதில் திரவம், பசை, ஜெல் எதுவானாலும் ஒரு டப்பா 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லா டப்பாவும் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கிற, ஒட்டி மூடும் வெளிப்படையான பைக்குள் அடங்க வேண்டும். பஞ்சாமிர்தம், தேன், ஜாம், நெய், ஊறுகாய் எல்லாமே இந்தக் கணக்கில் பசைதான். பாதி காலியான 200 மில்லி டப்பாவையும் எடுத்துவிடுவார்கள்; உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, டப்பா எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கணக்கு. செக்-இன் பெட்டியில் டின்னாகப் போட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த அக்கா கைப்பெட்டியோடு மட்டும் போகிற ரகம் போலத் தெரிகிறது.

இன்னொன்று. வீட்டு மசாலாப்பொடி கொடுத்தனுப்புகிறவர்களுக்கு: குருமாப்பொடியில் கசகசா இருந்தால் ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் கண்டிப்பாகக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். இங்கே மளிகைக்கடையில் விற்கிறதே என்ற பேச்சு அங்கே எடுபடாது.

மலைப்பூண்டு
17.11.2025, காலை 8.41

அப்போ பூண்டும் கூடாதா?

பீளமேடுடெஸ்க்
17.11.2025, காலை 8.44

சட்டம் இருக்கட்டும். பக்கத்து சீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள்.

குன்னூர்த்தம்பி
17.11.2025, இரவு 8.15

சரி, திங்கிறது எல்லாம் விட்டாச்சு. பவர் பேங்க் வாங்கலாமா? 30,000 எம்.ஏ.எச். ஒண்ணு ஆஃபர்ல கிடைக்குது.

லவ்டேல்வாசி
17.11.2025, இரவு 9.00

30,000 வேண்டவே வேண்டாம். விமானக்காரர்கள் பார்ப்பது எம்.ஏ.எச். அல்ல, வாட்-அவர். 100 வாட்-அவர் வரை கேட்காமல் எடுத்துப் போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. எம்.ஏ.எச்.சை 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். 30,000-ஐ யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டால் பெருக்கினால் 150.

பீளமேடுடெஸ்க்
17.11.2025, இரவு 9.20

5 வோல்ட் இல்லை. உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட், பெருக்க வேண்டியது அதைத்தான். 30,000 என்றால் 111 வாட்-அவர். 20,000 என்றால் 74. 10,000 என்றால் 37. எப்படிப் பார்த்தாலும் 30,000 எல்லையைத் தாண்டுகிறது, ஆகவே உங்கள் முடிவு சரி, வழிதான் வேறு.

பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், பவர் பேங்கின் உடம்பில் வாட்-அவர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து தேய்ந்துபோனாலும், அப்படி ஒன்றே இல்லாவிட்டாலும், சோதனையில் பிடுங்கிக்கொள்ள அதுவே காரணம் ஆகிவிடும். ஸ்டிக்கர் ஒட்டியதை விட்டு, பிளாஸ்டிக்கிலேயே பொறித்ததாக வாங்குங்கள். பி.ஐ.எஸ். (இந்தியத் தரச்சான்று) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் எந்தக் காலத்திலும் போடக்கூடாது, கையில்தான்.

2025இல் விதிகள் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் உபயோகிக்கவே விடுவதில்லை. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று, 100 வாட்-அவருக்குள், உள்ளே சார்ஜ் போடக்கூடாது, தலைக்கு மேல் ரேக்கில் வைக்கவும் கூடாது. சீன உள்நாட்டு விமானங்களில் ஜூன் 28 முதல் 3சி (சீனாவின் கட்டாயத் தரச்சான்று) முத்திரை இல்லாததை ஏற்ற மாட்டார்கள். ஆக, கொடுப்பதென்றால் 10,000 போதும். 200 கிராம் சுற்று எடை, ஒரு போனை ஒரு தடவைக்கு மேல் நிரப்பும்.

லவ்டேல்வாசி
17.11.2025, இரவு 9.50

மேலே சொன்ன 3.7 கணக்கே சரி. 5-ஐ விட்டுவிடுங்கள்.

ஆனாலும் என் ஓட்டு பவர் பேங்குக்கு இல்லை, சார்ஜருக்கு. வெளியே எதை எடுப்பார் என்ற கேள்விக்கு இதுதான் நேரான பதில். லேப்டாப்போடு வந்த செங்கல் அடாப்டர், அதன் தடித்த வயர், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவைத் தொடும். 65 வாட் கேன் (GaN, காலியம் நைட்ரைடு சிப் வைத்த சின்ன வகை) சார்ஜர் ஒன்று, இரண்டு சி துளை (யூ.எஸ்.பி. டைப்-சி) உள்ளதாக, கேபிளோடு சேர்த்து 200 கிராமில் அத்தனை வேலையையும் செய்யும். பெட்டியில் 300 கிராம் மிச்சம். பரிசு கொடுத்த பிறகு பெட்டி எடை குறைவது அபூர்வம்.

வாங்குமுன் அக்காவுக்குத் தெரியாமல் மூன்றைப் பாருங்கள். லேப்டாப்பில் சி துளை வழியாக சார்ஜ் ஏறுகிறதா? எல்லா லேப்டாப்பிலும் ஏறாது. பழைய அடாப்டரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? 45, 65 என்றால் சரி. 90, 100 என்றால் 65 வாட் சார்ஜர் மெதுவாகத்தான் ஏற்றும், வேலை செய்துகொண்டே ஏற்றினால் பாட்டரி இறங்கவும் கூடும். மூன்றாவது கேபிள். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் தாங்கும், உள்ளே அடையாள சிப் உள்ள கேபிள் வேண்டும். 100 வாட் அல்லது 240 வாட் என்று போட்டிருக்கும். சாதாரண போன் கேபிளைச் செருகினால் சார்ஜர் தானாக 60-க்கு இறங்கிவிடும். சார்ஜர் மட்டம் என்று திட்டு வாங்குவது நீங்கள்.

இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் செருகினால் 65 முழுதாக ஒன்றுக்கு வராது, 45 + 20 என்று பிரியும். அதையும் சொல்லிக் கொடுங்கள்.

குன்னூர்த்தம்பி
18.11.2025, காலை 6.50

பார்த்துட்டேன். 65 வாட், சி துளைதான். அப்போ கூடவே யுனிவர்சல் அடாப்டரும் வாங்கணுமா?

பீளமேடுடெஸ்க்
18.11.2025, காலை 9.10

வேண்டாம். அந்த உருண்டைப் பெட்டி 150 கிராமுக்கு மேல் கனக்கும், சுவரில் தொங்கித் தொங்கி கழன்று விழும். அக்கா போகிற ஊரைப் பாருங்கள். நம் ஊர் இரண்டு முள் போன் சார்ஜர் ஜெர்மனி பிளக்கில் அப்படியே நுழையும், 230 வோல்ட்தான். சிங்கப்பூரும் ஷார்ஜாவும் பிரிட்டிஷ் மாதிரி தட்டை மூன்று முள். அதற்கு மட்டும் சின்னதாக ஒன்று, ஃபியூஸ் உள்ளதாக. அந்த பிளக்கில் மேலே உள்ள எர்த் முள்தான் உள்ளே கதவைத் திறக்கும். பேனாவை விட்டுத் திறந்து இரண்டு முள்ளைத் திணிக்கிற நம் ஊர் வித்தையை அங்கே காட்ட வேண்டாம்.

அமெரிக்கா, ஜப்பான் போகிற மற்றவர்களுக்கு: அடாப்டர் முள்ளை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 100-240 என்று அச்சிட்டிருக்கும் சார்ஜர் எங்கேயும் ஓடும். 230 வோல்ட் மட்டும் போட்ட பயணக் கெட்டில் 115 வோல்ட்டில் கால் பங்கு சூடுதான் தரும். தண்ணீர் கொதிப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடும்.

கிளண்டேல்இலை
18.11.2025, மாலை 4.30

எல்லாரும் சேர்ந்து டீயை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டீர்கள். குன்னூர்க்காரர் டீ கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது? கொடுக்கிற விதம்தான் தப்பு.

முதலில் ஒரு கேள்வி. அக்கா பால் டீயா, வெறும் டீயா? பால் டீ என்றால் ஆர்த்தடாக்ஸ் (இலையாகவே சுருட்டி உலர்த்தியது) வாங்கிக் கொடுத்துக் காசை வீணாக்காதீர்கள். அதன் மணம் பாலில் மூழ்கிவிடும். நல்ல சி.டி.சி. (நசுக்கிக் குருணையாக்கிய சாதாரண டீத்தூள்) போதும். நீலகிரியில் பாதி வீட்டில் டஸ்ட்தான் கொதிக்கிறது, நல்ல இலை எல்லாம் லாரி ஏறிவிடுகிறது, அது வேறு கதை.

வெறும் டீ என்றால் நீலகிரி ஆர்த்தடாக்ஸ். 2008லேயே புவிசார் குறியீடு வாங்கியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் பறிக்கிற இலைக்கு மணம் அதிகம், கசப்பு குறைவு. பொங்கலுக்கு இன்னும் நாள் இருப்பதால் இந்தப் பருவத்து இலையே கையில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பாக்கெட்டில் பறித்த மாதம் போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். போட்டிருப்பது பாக்கெட் செய்த மாதம் மட்டும் என்றால் அது பழைய இலையாகவும் இருக்கலாம்.

ஹோட்டல் அறையில் இருப்பது கெட்டிலும் கோப்பையும்தான், வடிகட்டி இருக்காது. ஆகவே நீங்களே பை கட்டிக் கொடுங்கள். காலி டீப் பைகள், சுருக்குக் கயிறு வைத்தவை, கடையில் கிடைக்கும். ஒரு பைக்கு இரண்டரை கிராம், 100 கிராமில் 40 பை வரும். நீள இலையைப் பைக்குள் போடாதீர்கள், விரிய இடம் இல்லாமல் சாறு இறங்காது. உடைந்த இலை, பி.ஓ.பி. அல்லது எஃப்.பி.ஓ.பி. தரம் பாருங்கள். வெள்ளை டீ வேண்டவே வேண்டாம். இரண்டரை கிராமே பையை அடைத்துவிடும்.

கட்டிய பைகளை அப்படியே டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு மாதத்தில் சப்பென்று போகும். காகிதம் காற்றை உள்ளே விடும். பத்துப் பத்தாக ஜிப் வைத்த அலுமினியப் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடுங்கள். நாலு பொட்டலம். ஒரு பயணத்துக்கு ஒரு பொட்டலம், 30 கிராம்கூட வராது. எதையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை.

கிளண்டேல்இலை
18.11.2025, மாலை 5.05

விட்டுப்போனது. குன்னூரில் தண்ணீர் கொதிப்பதே சுமார் 94 டிகிரியில்தான், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி கம்மி. வீட்டில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூன்று நிமிடம் விட்டால் சரியாக வரும் டீ, மும்பையிலும் சிங்கப்பூரிலும் 100 டிகிரித் தண்ணீரில் அதே மூன்று நிமிடத்தில் கசக்கும். ஊர் மாறினதும் டீ மாறிவிட்டது என்று அக்கா சொன்னால் இலை மேல் தப்பில்லை. கெட்டில் அணைந்து ஒரு நிமிடம் கழித்து ஊற்றச் சொல்லுங்கள். பொட்டலத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்: 180 மில்லி, ஒரு நிமிடம் பொறு, மூன்று நிமிடம் ஊறவிடு.

லவ்டேல்வாசி
18.11.2025, இரவு 9.30

இது நல்ல யோசனை. முதல் நாள் ரெண்டுமே வேண்டாம் என்றதில் டீயைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மரப்பெட்டி மேல் சொன்னது அப்படியே நிற்கட்டும்.

மலையில் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிப்பது காற்றழுத்தம் குறைவதால்தான்; அழுத்தம் என்றதும் இன்னொரு சங்கதி. விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாகத்தான் இறங்கும். அதாவது 2,438 மீட்டர். ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ உட்கார்ந்து பறக்கிறோம். போயிங் 787 போன்ற புது விமானங்களில் 6,000 அடி, அது குன்னூரேதான். அதனால் ஷாம்பு, லோஷன் புட்டிகளைக் குன்னூர் வீட்டில் நிரப்பி மூடினால் மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்று ஏழெட்டு சதவீதம்தான் விரியும். கோவையில் நிரப்பி மூடினால் கால் பங்குக்கு மேல் விரியும், ஒழுகுவது அதுதான். ஊட்டிக்கு வரும் சிப்ஸ் பாக்கெட் ஊதிப் போயிருப்பதும் இதே காரணம்.

பயணப் புட்டிகள் செட் வாங்குவதென்றால்: மெத்து சிலிகான் புட்டி, வாய் அகலமானது, மூடிக்குள் தனி வளையம் உள்ளது. நிரப்பியதும் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். சிலிகான் புட்டியில் தைலம், வாசனை எண்ணெய் ஊற்றக்கூடாது, வாசனை ஏறினால் போகவே போகாது.

மலைப்பூண்டு
19.11.2025, காலை 7.20

பட்ஜெட் நாலாயிரத்துல பெட்டியே வாங்கிக் குடுத்தா என்ன? நாலு சக்கரம் வச்சது, பாக்க ஜோரா இருக்கும்.

லவ்டேல்வாசி
19.11.2025, காலை 8.00

நாலு சக்கரப் பெட்டி ஏர்போர்ட் டைல்ஸுக்குச் செய்தது. குன்னூர்ப் படிக்கட்டுச் சந்துக்கு இல்லை. சக்கரம் 40, 50 மில்லிமீட்டர்தான், கல் இடுக்கில் மாட்டினால் அச்சோடு கழன்றுவிடும். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பெட்டி தானாகக் கிளம்பி டிரைவர் பக்கம் ஒரு தடவை, பின்சீட்டுப் பாட்டி பக்கம் ஒரு தடவை போய்வரும். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்பார்.

மலையில் இருந்து கிளம்புகிறவருக்கு இரண்டு பெரிய சக்கரம், உடம்புக்குள் பதிந்தது. இல்லாவிட்டால் முதுகில் மாட்டுகிற பை. 55 செ.மீ. என்பது சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து என்பதை மறக்காதீர்கள்; கடைக்காரர் பெட்டியை மட்டும் அளந்து சொல்வார்.

இன்னொரு பெரிய சமாச்சாரம் ஈரம். ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை நம் பக்கம் அலமாரிக்குள் ஈரம் குறையவே குறையாது. பி.யூ. பூச்சுப் போட்ட பைகளும், பி.யூ. லெதர் என்று விற்பதும் அந்த ஈரத்தில் தானாகச் சிதையும். முதலில் உள்பக்கம் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிர்ந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டும். பயன்படுத்தாமல் வைத்தால் இன்னும் சீக்கிரம். கடையில் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வழுவழுப்பான பூச்சு இருந்தால் விடுங்கள். பூச்சில்லாத நைலான் அல்லது பாலிகார்பனேட் நல்லது. அசல் தோல் சிதையாது, ஆனால் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். எதை வாங்கினாலும் பொங்கல் வரை ஒளித்து வைக்கிற இடத்தில் 50 கிராம் சிலிகா ஜெல் இரண்டு போட்டு, பாலித்தீன் உறையைக் கழற்றிவிட்டுத் துணிப்பையில் வையுங்கள்.

நாலாயிரத்துக்கு இதெல்லாம் சேர்ந்த பெட்டி தேடுவது கஷ்டம். பெட்டியை விடுங்கள்.

கிளண்டேல்இலை
19.11.2025, மதியம் 1.15

அக்காவுக்குக் குளிருமே. தோடர் பூவேலை செய்த பூத்துக்குளி கொடுக்கலாமா? விமானப் போர்வைக்கு ஆச்சு.

லவ்டேல்வாசி
19.11.2025, இரவு 8.40

பூத்துக்குளி தோடர்கள் சடங்கிலும் ஈமக்காரியத்திலும் போர்த்துவது. இரட்டைத் துணி, பெரிசு, கனம். அதைச் சுருட்டி சீட்டுக்கடியில் தள்ளுவது சரியாக இருக்காது. அதே வேலைப்பாட்டில் ஸ்டோல் செய்கிறார்கள், அதை வாங்குங்கள். கழுத்துக்கும் ஆகும், குளிரும்போது போர்த்தலாம், சுருட்டினால் தலைக்கும் வைக்கலாம். தலையணையின் வேலை அதோடு முடிந்தது.

அசலைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள், வட்டச்சட்டம் கிடையாது, வரைந்துகொள்வதும் கிடையாது. ஒரு பக்கம் நூல் சிறு வளையங்களாகத் துருத்தி நிற்கும். கையால் வருடினால் சொரசொரக்கும். அதுதான் அவர்களுக்கு முன்பக்கம். இரண்டு பக்கமும் உடுத்தலாம். மெஷின் வேலையில் பின்னால் ஒரே மாதிரி வெள்ளை நூல் ஓடும், அல்லது காகிதப் படலம் ஒட்டியிருக்கும். அச்சடித்ததில் பின்பக்கமே வெளுத்திருக்கும். 2013இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் ஊட்டிக் கடைத்தெருவில் பாதிக்குப் பாதி நகல்.

துவைக்கிற விஷயம்: முதல் இரண்டு தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில். சிவப்பு நூல் சாயம் விட்டால் வெள்ளைத் துணி இளஞ்சிவப்பாகிவிடும். முறுக்கிப் பிழியக்கூடாது. ஹோட்டல் லாண்டரிக்குப் போடவே வேண்டாம்.

பீளமேடுடெஸ்க்
20.11.2025, காலை 10.00

யாரும் சொல்லாதது அழுத்தக் காலுறை, நெடுநேரம் உட்கார்ந்தால் கால் வீங்காமல் இருக்கப் போடுவது. ஜெர்மனிப் பயணத்துக்கு உண்மையிலேயே பயன்படும். 15–20 எம்.எம்.எச்.ஜி. (இறுக்கத்தின் அளவு) என்று போட்டிருப்பது, முழங்காலுக்குக் கீழ் வரை. செருப்பு அளவு பார்த்து வாங்கினால் தப்பு. கணுக்காலுக்கு மேல் ஒடுங்கின இடத்தின் சுற்றளவும், கெண்டைக்காலின் பெருத்த இடத்தின் சுற்றளவும் வேண்டும், காலையில் எழுந்ததும் எடுத்தது. மேல் விளிம்பு சுருண்டு இறுகினால் நன்மைக்குப் பதில் கெடுதல். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

குன்னூர்த்தம்பி
20.11.2025, இரவு 7.30

அக்கா தூங்கும்போது டேப் வச்சு கால் அளந்தா முழிச்சுக்கும். அது வேண்டாம். பெட்டியில போடற டிராக்கர் எப்படி?

பீளமேடுடெஸ்க்
20.11.2025, இரவு 8.05

கைப்பெட்டி மட்டும் எடுத்துப் போகிறவருக்கு எதற்கு? பெட்டி அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது. செக்-இன் போடுகிறவர்களுக்கு நல்ல பொருள். ஏர்டேக் ஐபோனுக்கு மட்டும், ஆண்ட்ராய்டுக்கு வேறு வகை. சிஆர்2032 பாட்டரி மாற்றும்போது, குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சுப் போட்டவை சிலதில் வேலை செய்யாது. பூச்சில்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும். முழு அலுமினியப் பெட்டிக்குள் சிக்னல் குறையும். கூடவே, அதை உங்கள் போனில் பதிந்து கொடுத்தால் அக்கா எங்கே இருக்கிறார் என்று வீடே பார்க்கும். அவர் போனில்தான் பதிய வேண்டும்.

குன்னூர்த்தம்பி
22.11.2025, இரவு 9.15

முடிவு பண்ணிட்டேன். 65 வாட் சார்ஜர், 100 வாட் கேபிள், சிங்கப்பூர் முள் ஒண்ணு, டீப் பை நாலு பொட்டலம் (அக்கா வெறும் டீதான்). ஸ்டோல் விலை கேட்டேன், எல்லாம் சேர்த்தா பட்ஜெட் தாண்டுது. தங்கச்சிகிட்ட பாதி போடச் சொல்லியிருக்கேன். டீ எங்க வாங்கறது?

கிளண்டேல்இலை
22.11.2025, இரவு 9.50

எஸ்டேட் ஃபேக்டரி கடைகளில் நேராகப் போய் ஜனவரி முதல் வாரத்தில் கேளுங்கள். இப்போதே வாங்கி வைக்காதீர்கள், பனி இலை இன்னும் வரவில்லை. சி.டி.சி. என்றால் இண்ட்கோசர்வ், டான்டீ கடைகள் இருக்கின்றன. ஆர்த்தடாக்ஸுக்கு 50 கிராம் வாங்கி, வீட்டில் ஒரு கோப்பை போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் 100 கிராம் வாங்குங்கள். ருசி பார்க்கிற கோப்பைத் தண்ணீரைக் கொஞ்சமும் ஆறவிடாமல் ஊற்றுங்கள், குன்னூர்க் கொதி 94தான். பை கட்டும்போது கையில் தைலம், சந்தனம், பூண்டு எதுவும் இருக்கக்கூடாது.

மலைப்பூண்டு
22.11.2025, இரவு 9.58

கடைசியில அடி பூண்டுக்குத்தான்.

லவ்டேல்வாசி
23.11.2025, காலை 7.10

சார்ஜர் பில்லை உங்கள் போனில் படம் எடுத்து அக்காவுக்கும் அனுப்புங்கள், வாரண்டி கேட்கும்போது அவர் எந்த ஊரில் இருப்பார் என்று தெரியாது. கொடுக்குமுன் அவர் லேப்டாப்பில் ஒரு மணி நேரம் செருகிப் பாருங்கள். மெதுவாக ஏறுகிறது என்று லேப்டாப் எச்சரிக்கை காட்டினால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத அளவு சுட்டால் கடைக்குத் திருப்பிவிடுங்கள். ஏழு நாள் மாற்றிக்கொடுக்கிற கடை என்றால் பொங்கலுக்கு முந்தின வாரம் வாங்குவது நல்லது, இப்போது வேண்டாம்.